இளசு விழுங்கிய அறுபத்தைந்து நிமிஷம்

அலமாரியில் இருந்த கல்யாண டேப் காணாமல் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. "நீதான் எடுத்தாய்" என்று அண்ணியின் முகத்துக்கு நேரே அந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் நறுக்கென்று நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லாமல் பார்க்கிறார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. வீடியோ எடுப்பவர் அண்ணியின் கணவர். மைக் பிடிப்பது அவருடைய தங்கை, சின்னவள். டேப், பேட்டரி, அலமாரிச் சாவி எல்லாம் அண்ணி பொறுப்பு. அதனால் சின்னவள் அவளுக்கு வைத்த பெயர் பேட்டரி அண்ணி.

காணாமல் போன டேப்பில் இருப்பது ஒரு கல்யாணம். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அந்த மனிதர் நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் அந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறது. பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து கேட்கிறாள்.

அலமாரிக்கு ஒரே ஒரு சாவி. அது அண்ணியின் இடுப்பில். அண்ணியின் தம்பி இரண்டு மாதம் முன்னால் வேறொரு ஸ்டுடியோவில் சேர்ந்திருக்கிறான். அடுத்தவர் எடுத்த நல்ல டேப்பைத் தாங்கள் எடுத்ததாகக் காட்டி ஆர்டர் பிடிப்பது அந்தத் தொழிலில் நடக்கிற காரியம்தான். இதையும் அதையும் முடிச்சுப் போட யாருக்கும் பெரிய மூளை வேண்டாம்.

அண்ணிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஊரே சந்தேகப்பட்டுக்கொள்ளட்டும். தன் கணவரும் சந்தேகப்படுகிறாரா?

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் பேட்டரி டிராயரைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு பேட்டரிகள். நகப்பாலிஷில் ஒரு புள்ளி வைத்தது கிழடு. கேமராவோடு கூடவே வந்தது, முழுதாக சார்ஜ் செய்தாலும் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. இரண்டு புள்ளி வைத்தது இளசு. நூற்றிருபது நிமிஷம் அசராமல் ஓடும். இரண்டையும் அவள் கவனிக்கிற கவனிப்பு புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. அடியோடு தீர விடமாட்டாள். நிறைந்த பிறகு சார்ஜரிலேயே கிடக்க விடமாட்டாள். சூடாக வந்தால் ஆற வைத்துத்தான் மாட்டுவாள். கேமராவில் பொருந்துகிற பித்தளைப் பற்களைக் காய்ந்த துணியால் துடைப்பாள்.

பற்களுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதன் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு. நிறைந்த பேட்டரிக்குச் சிவப்பு உள்ளே போக வேண்டும், ஓடின பேட்டரிக்குச் சிவப்பு வெளியே தெரிய வேண்டும். அண்ணி போட்ட சட்டம். வீட்டில் மூன்று பேருக்கும் அது கையிலேயே ஊறிவிட்டது.

இளசின் மூடியில் சிவப்பு வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை அவளே நிறைத்து, அவளே சிவப்பை உள்ளே தள்ளி மூடி வைத்தது. அதற்கப்புறம் எந்த வேலையும் இல்லை. கேமராவில் மாட்டிப் பார்த்தாள். ஐம்பத்தைந்து நிமிஷம் என்று காட்டியது.

வாசலில் கேமரா ஸ்டாண்டுக்கு வார் கட்டிக்கொண்டிருந்த கணவரிடம் போனாள்.

"ஏங்க, இளசை எடுத்தீங்களா?"

"எதை?"

"பேட்டரிய. ரெண்டு புள்ளி."

"இல்லையே. ஏன்?"

"குறைஞ்சிருக்கு."

"சும்மா வெச்சாலும் குறையும்னு நீதானே சொல்லுவ."

"சும்மா வெச்சா மாசத்துக்குக் கொஞ்சம் குறையும். ஒன்றரை நாள்ல அறுபத்தஞ்சு நிமிஷம் குறையாது."

"சரி சரி, கிளம்பற வரைக்கும் சார்ஜ்ல போடு. நேரமாகுது."

அவ்வளவுதான். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். வேலைநாளில் பேட்டரி குறைந்தது என்றால் இந்த மனிதர் வீட்டையே இரண்டு பண்ணுவார். இன்றைக்கு வார் கட்டுகிற கையைக்கூட நிறுத்தவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வராதது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

சின்னவள் மைக் வயரைச் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நான் தொடவே இல்ல அண்ணி."

"நீ தொட்டேன்னு நான் சொல்லலையே."

"வாய் சொல்லல. கண்ணு சொல்லுதே."

சார்ஜரில் போட்டதும் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கிளம்ப இன்னும் அரை மணி. அதற்குள் இருபது நிமிஷத்துக்கான உயிர்தான் ஏறும். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். அறுபத்தைந்து என்பது என்ன எண்ணிக்கை? யாரையாவது நிற்க வைத்து எடுத்திருந்தால் பத்து, பதினைந்து, இருபது என்று போயிருக்கும். முழு டேப் ஓட அறுபது நிமிஷம். டேப் முடிந்து ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அந்தக் கேமரா தானாகவே அணைந்துவிடும்.

அறுபதும் ஐந்தும். யாரோ கேமராவை ஓட விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நிறுத்தக்கூட ஆள் பக்கத்தில் இல்லை.

புது டேப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. எடுத்த ஆள் எல்லாவற்றையும் ஒளிவுமறைவாகச் செய்துவிட்டு, கடைசியில் பழக்க தோஷத்தில் மூடியை மட்டும் அவள் சொல்லிக்கொடுத்தபடி சிவப்பு வெளியே தெரியத் திருப்பி வைத்திருக்கிறார். அவளைத் தவிர அந்தப் பழக்கம் இருப்பது இரண்டே பேருக்கு.

மாமனாருக்குப் பேட்டரி எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அதிலிருந்து உள்ளறை ஜன்னலோர நாற்காலிதான் கதி. நாலுகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் தாங்கினால்தான் பாத்ரூம் வரைக்கும் போவார்.

அண்ணி அவர் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள்.

"மெதுவாம்மா," என்று முனகினார். "எல்லாரும் போறீங்களா?"

"ஆமா மாமா. பேட்டரி தகராறு. நானும் கூட இருந்தாதான் தாங்கும்."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"மூணாகும். ஃபிளாஸ்க்ல காபி வெச்சிருக்கேன். எட்டற தூரத்துலதான் இருக்கு."

"நான் எங்க போகப் போறேன். நிதானமா வாங்க," என்றார்.

ஒரு தலைமையாசிரியைக்குப் பணி ஓய்வு விழா. ஏ.சி. ஹால், இரண்டு மணி நேர நிகழ்ச்சி. கேமராவை நேராகப் பிளக்கில் மாட்டுகிற வயர் போன வருஷமே அறுந்து போய், அதற்குப் பதில் இன்னும் வாங்கவில்லை. கையில் இருப்பது கிழடு முப்பத்தைந்து, இளசு எழுபத்தைந்து. ஆக நூற்றுப்பத்து. பத்து நிமிஷம் துண்டு விழுகிறது. பேச்சாளர்கள் யாராவது எழுதி வைத்ததைத் தாண்டிப் பேசினால் இன்னும் விழும். பேசாமலா இருப்பார்கள்?

ஹாலுக்குள் நுழைந்ததும் அண்ணி கேமராவின் பக்கவாட்டுத் திரையைப் பட்டென்று மூடினாள்.

"இதைத் திறக்கவே கூடாது. கண்ணை வெச்சுப் பாருங்க."

"கழுத்து வலிக்கும்."

"வலிக்கட்டும். திரைதான் பேட்டரியக் குடிக்குது. அப்புறம், சும்மா சும்மா ஜூம் பண்ணாதீங்க. முன்னாடி போகணும்னா காலால நடந்து போங்க. ஸ்டாண்ட்லதானே நிக்குது, ஆடாம இருக்கிற அந்த வசதியையும் அணைச்சிருங்க. மாலை மாத்தி, நாற்காலி மாத்தி நேரம் போக்குவாங்க இல்ல, அப்ப முழுசா அணைச்சிருங்க. ரெடியா நிக்கட்டும்னு விட்டா அதுவும் குடிக்கும்."

"ரிவைண்ட் பண்ணி ஒரு தடவ பாக்கலாமா, சாமி?"

"செய்யுங்க. கடைசிப் பேச்சுக்கு நீங்களே வாயால நடிச்சுக் காட்டணும்."

சின்னவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அண்ணியின் முகம் வரைக்கும் வந்து, அவள் கண்ணைப் பார்க்காமல் மேடைப் பக்கம் திரும்பிவிட்டது. அண்ணி அதையும் கவனித்தாள். சந்தேகம் வந்த வீட்டில் சிரிப்பைக்கூட எடை போட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

வரவேற்புரைக்குக் கிழடு. அதுவரை இளசைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏ.சி. குளிரில் பேட்டரி சுருண்டுவிடும். வரவேற்புரை முடிந்து நாற்காலி மாற்றுகிற நேரத்தில் பேட்டரியை மாற்றினார்கள். கிழட்டில் இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அதை அடியோடு தீர்க்க வேண்டாம் என்று கழற்றி, மூடியைத் திருப்பிப் போட்டாள்.

மைக் வயர் அருகே சின்னவள் சும்மா நின்றபோது அண்ணி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நேத்து ரெண்டு பேரும் இந்த ஹாலைப் பாக்க வந்தீங்களே. வெளிச்சம் சரியா இருந்துச்சா கேமராவுல?"

"கேமராவா? நேத்து அண்ணன் கேமராவே கொண்டு வரல அண்ணி. சும்மா சுத்திப் பாத்துட்டு வந்தோம்."

"பையை மாட்டிக்கிட்டுத்தானே கிளம்பினார்?"

"பை மட்டும்தான் வந்துச்சு. நானே கேட்டேன். மறந்துட்டேன்னார்."

அண்ணிக்கு நேற்று வாசலில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவர் தோளில் பை ஆடிக்கொண்டே போனது. கேமரா உள்ளே இருந்தால் அந்தப் பை ஆடாது, இடுப்பை இடிக்கும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அலமாரித் தூசியைத் தட்டிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள்தானே அவள்.

பையை மறந்தாலும் மறப்பார், கேமராவை மறக்கிற ஆள் இல்லை அவர்.

நிகழ்ச்சி நடுவில் சின்னவளின் போன் அதிர்ந்தது. பேசிவிட்டு வந்தாள்.

"அப்பாதான். எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்கறார்."

"மூணுன்னு சொன்னேனே."

"மறந்திருப்பார்."

தலைமையாசிரியை கடைசியாகப் பேச வந்தார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். அழும்போது ஜூம் செய்யாமல் வீடியோக்காரர் காலாலேயே நடந்து முன்னால் போனார். எல்லாம் முடிந்து கைதட்டல் ஓய்ந்தபோது இளசில் ஒன்பது நிமிஷம் மிச்சம். வேறு நாளாக இருந்தால் அண்ணி அதை இரண்டு நாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பாள்.

கணவரும் சின்னவளும் ஸ்டாண்டையும் விளக்கையும் மடக்கப் போனார்கள். கேமராப் பையை அண்ணி மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குத் தூக்கிப் போனாள். அடுக்கி வைத்த நாற்காலிகள், ரசம் போன ஒரு கண்ணாடி. விழா டேப்புகள் இரண்டிலும் தேதி எழுதி ஒட்டினாள். பிறகு பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். லென்ஸ் துணிக்கு அடியில் ஒரு டேப் இருந்தது.

சீட்டு ஒட்டாத டேப். அந்த வீட்டில் சீட்டு ஒட்டாமல் எந்த டேப்பும் கேமராவுக்குள் போனதே கிடையாது.

யார் ஓட விட்டது என்று சின்னவள் வாயால் பாதி தெரிந்துவிட்டது. எதை எடுத்தது என்பதுதான் பாக்கி. டேப்பை உள்ளே தள்ளினாள். காலையிலிருந்து மூடியே வைத்திருந்த திரையைத் தன் கையாலேயே திறந்தாள்.

டேப் கடைசி வரை ஓடி நின்றிருந்தது. படம் தெரியப் பின்னோக்கி ஓட்டினாள்.

அவர்கள் வீட்டு முன்னறை. நட்டநடுவில் அலமாரி. எதிரே உயரத்தில் லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து எடுத்தது. வெறும் அறை, வெறும் அறை. திடீரென்று ஒருவர் முதுகுப் பக்கமாக நடந்து உள்ளே வந்தார். அண்ணி நிறுத்தி, நேராக ஓட விட்டாள்.

மாமனார்.

ஸ்டாண்ட் இல்லை. தாங்க ஆள் இல்லை. கொஞ்சம் சாய்ந்து நடந்தார், ஆனால் நன்றாகவே நடந்தார். வாசற்பக்கம் ஒரு பார்வை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவி. அலமாரி திறந்தது. டேப்புகளின் சீட்டை ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் படித்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து சட்டைக்குள் செருகினார். பூட்டினார். கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். போய்விட்டார்.

இருபத்திரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. நான் இல்லை. இதோ, நான் இல்லை. ஒரு நொடி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

ஐந்து நிமிஷம் மிச்சம் என்று திரையின் மூலையில் காட்டியது.

இங்கே நிறுத்தியிருக்கலாம் அண்ணி. அணைத்து, இளசை மறுபடி கைக்குட்டையில் சுற்றி வைத்து, கணவரைக் கூப்பிட்டு, அந்த ஐந்து நிமிஷத்தில் மாமனாரைக் காட்டியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேட்டரிப் பாடம் எடுக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் டேப்பின் ஆரம்பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

ஓட்டினாள். பின்னோக்கி அவளே வந்தாள். அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, டேப்புகளை அடுக்கி, இடுப்பில் சாவியைச் செருகி. தன்னைத் தானே அப்படி மேலிருந்து பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்தக் கோணத்தில் பார்த்தால் யாராக இருந்தாலும் திருடி மாதிரிதான் தெரிவார்கள்.

மூன்று நிமிஷம். இரண்டு. டேப்பின் தலைக்கு வந்தது.

கணவரின் முகம், திரை நிறைய. ஒரு கண்ணை இடுக்கி, அலமாரி நடுவில் வருகிறதா என்று பார்த்தார். சிவப்பு விளக்கு தெரியாமல் இருக்கக் கறுப்பு ஒட்டுநாடாவைக் கிழித்து ஒட்டினார். பக்கவாட்டுத் திரையைப் பதமாக மூடினார், பேட்டரி நீண்ட நேரம் வரட்டும் என்று. அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பின்னால் தள்ளி நின்று, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நான் கிளம்பறேன். கதவைச் சாத்திக்கோ."

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்களேன்."

"வேணாம். வந்து சாப்பிடறேன்."

திரை கறுத்தது. இளசு அடியோடு தீர்ந்து போனது.

அவள் தலை நிமிர்ந்தபோது கணவர் கதவருகே நின்றிருந்தார். திறந்த ஜிப்பைப் பார்த்தார், திறந்த திரையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"நேத்து இதை வெச்சது நீங்க," என்றாள்.

அவர் மறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு போன்ல அழுவுது. நான் என்ன பண்றது? டேப்பை இன்னும் போட்டுப் பாக்கக்கூட இல்ல, நீ பக்கத்துலயே இருந்த."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா?"

"நான் எடுக்கலன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். வெளியே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டேப்பை எடுத்த ஆள் இதுல இருக்கார். நான் பாத்துட்டேன்."

"யாரு?"

"உங்க அப்பா. ஸ்டாண்ட் இல்லாம நடந்து வந்து நேத்து இன்னொரு டேப்பை எடுக்கறார். அவர்கிட்ட இன்னொரு சாவி இருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. "அப்பாவா? நடந்தா? விளையாடறியா?"

"இல்ல."

"போட்டுக் காட்டு."

"இளசு போயிடுச்சு. கிழட்டுல இருக்கிற ரெண்டு நிமிஷம் ஆன் பண்றதுக்கே பத்தாது. டேப்பைக்கூட இப்ப வெளிய எடுக்க முடியாது. சார்ஜ் ஏறணும். அது வரைக்கும் என் வார்த்தை மட்டும்தான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவர் கண் கேமராவுக்குப் போனது, அங்கேயே நின்றது.

"சார்ஜர் எடுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார்.

அண்ணி பைக்குள் கைவிட்டுச் சார்ஜரை எடுத்தாள். இளசைக் கழற்றினாள். இன்னும் சூடாக இருந்தது, ஆற வைக்க வேண்டும் என்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை உருவி, மூன்றையும் சேர்த்து அவர் கையில் வைத்தாள்.

அவர் சாவியைப் பார்த்துத் திகைத்தார். வாங்கிக்கொண்டு வராண்டாவில் பிளக் தேடப் போனார்.

அவர் போன வழியே சின்னவள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அப்பா மறுபடியும். கிளம்பிட்டீங்களா, எங்க இருக்கீங்கன்னு கேக்கறார். நீங்களே பேசுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"கொஞ்சம் நேரமாகும் மாமா. ஒரு பேட்டரி சார்ஜ் ஏறணும்," என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "அது வரைக்கும் நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்காதீங்க. விழுந்துடப் போறீங்க."

அந்தப் பக்கம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் பட்டென்று நின்றது.